சொல்லாமல் போனவர்களுக்கு ஓர் ஆங்கில வகுப்பு

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. ஸ்டுட்கார்ட்டுக்குப் போன பிறகு அது வியாதியாகவே ஆகிவிட்டது. கணவருக்கு அங்கே மென்பொருள் ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள், அல்லது நீட்டிக்காமல் விட்டுவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் எதையும் முழுசாகச் செய்யமாட்டோம். திரைச்சீலை வாங்கலாமா என்று கேட்டால், "எக்ஸ்டென்ஷன் வரட்டும்" என்பார். கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றலாமா என்றால் அதற்கும் அதே பதில்தான். எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. மதுரையில் இங்கிலீஷ் டீச்சராக ஒரு வகுப்பு முழுக்க இருக்கும் பெண்பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைத்தவள், அங்கே ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். அதட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? கணவர்தான் கிடைத்தார்.

அப்படி ஒருநாள் டிராமில் உட்கார்ந்துகொண்டு அவரைக் கைப்பேசியில் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். சுற்றி இருப்பவர்கள் எல்லாம் ஜெர்மன்காரர்கள், என்ன பேசினாலும் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். நான் போனை வைத்ததும் முன் இருக்கையில் இருந்த பெண்மணி மெல்லத் திரும்பினார். பனிக்கோட்டின் கழுத்துக்குள்ளே மஞ்சள் சரடு தெரிந்தது.

"பாவம், விடுங்கோ தங்கச்சி. அந்த மனுசன் சாப்பிட்டுதோ என்னவோ."

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அவர் சிரித்தார். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் அவரோடு பேசிக்கொண்டே போய், அவர் வீட்டில் பால் தேநீர் குடித்துவிட்டுத்தான் திரும்பினேன். அக்கா என்று கூப்பிட அன்றைக்கே வாய் பழகிவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் வந்தவர், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தார். கணவருக்கு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இரண்டு பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிக்குப் போனார்கள், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கும் போனார்கள்.

அந்தத் தமிழ்ப் பள்ளி எங்கள் வீட்டுக்கு நேரெதிரே, ஒரு ஜெர்மன் பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. பிள்ளைகள் உள்ளே ஆனா ஆவன்னா எழுதும்போது பெற்றோர்கள் வெளியே குளிரில் கை தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பேன். ஒருநாள் அக்கா அவர்களில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். பிள்ளைகள் தமிழ் படித்து முடிக்கும்வரை எங்களுக்கு இங்கிலீசு சொல்லித்தாங்கோ, சும்மா பொழுதுபோகத்தான் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சும்மாதான் ரீச்சர், பொழுதுபோகத்தான். யாழ்ப்பாணத்தில் டீச்சர் என்பது ரீச்சர். ரீச்சர் என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவர்களுக்குக் கிரேக்கம்கூடச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

வகுப்பு சீக்கிரமே பெருத்துவிட்டது. எங்கள் கதவுக்கு வெளியே மாடிப்படியில் செருப்பும் சப்பாத்துமாகக் குவியும். அந்த ஊரில் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்தவர் கதவில் அதற்கென்று ஓர் அட்டை தொங்கும். கீழ்வீட்டு ஜெர்மன் மூதாட்டி தன் முறை வரும் சனிக்கிழமைகளில் துடைப்பத்தோடு நின்று அந்தச் செருப்புக் குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். அவர்கள் பொரித்துக் கொண்டுவரும் ரோல்ஸ் பலகாரத்தின் வாசனை வேறு அவருக்கு ஆகாது.

இவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது மதுரையில் சொல்லிக்கொடுப்பதைப்போல இல்லை. இங்கிலீஷில் பெயருக்கு முன்னால் வருகிற 'தி'யும் 'அ'வும் தமிழில் கிடையாது. 'மேசையில் புத்தகம் இருக்கிறது' என்றால் போதும், எந்த மேசை, எந்தப் புத்தகம் என்று கேட்கிறவனுக்கு அதுவாகவே விளங்கும். ஆனால் இவர்கள் நடுவிலே ஜெர்மனைக் கற்றிருந்தார்கள். ஜெர்மனில் ஒவ்வொரு பொருளும் ஆணா பெண்ணா இரண்டும் இல்லையா என்று பார்த்து முன்னால் ஒரு சொல் வைக்க வேண்டும். அந்தப் பாடு பட்டுத் தேறியவர்களுக்கு இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் ஒரே 'தி' என்றதும் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்த இடத்திலெல்லாம் அள்ளிப் போட்டார்கள். தி லைஃப் இஸ் ஹார்ட் என்பார் ஒருவர். வாழ்க்கைக்கு 'தி' வேண்டாம் அண்ணா, சும்மா லைஃப் போதும் என்பேன். அதெப்படி, ஜெர்மனில் வாழ்க்கைக்கும் போடுகிறார்களே என்பார். போட வேண்டிய இடத்திலோ ஒன்றும் போடமாட்டார்கள். ஐ ஆம் குக் என்பார் உணவகத்தில் சமைக்கிற அண்ணை. நடுவிலே 'அ' எங்கே அண்ணை என்றால், சமையல்காரனுக்கு ஜெர்மனில் ஒன்றும் வருவதில்லை ரீச்சர் என்று கையை விரிப்பார்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஆனால் என் மதுரை மாணவிகளைவிட இவர்களிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அதட்டினால் சிரிப்பார்கள்.

கடைசியில் நான் விதிகளை எல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் சொல்வது எது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'தி'. தெரியாது, முதல்முறையாகச் சொல்கிறீர்கள் என்றால் 'அ'. உங்கள் பையில் இருப்பதைப் பார்க்காதீர்கள், எதிராளியின் முகத்தைப் பாருங்கள் என்றேன். அதை அவர்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படிப் பிடித்துக்கொண்டதுதான் ஒருநாள் வகுப்பையே கவிழ்த்தது. வரும் விடுமுறையில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எல்லாரையும் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். சமையல் அண்ணையின் முறை வந்தது. ஐ வில் பெயிண்ட் தி ஹவுஸ் என்றார். எந்த வீடு அண்ணை, நீங்கள் இருப்பது வாடகை ஃபிளாட்டாச்சே, எங்களுக்குத் தெரியாத வீடாக இருந்தால் 'அ ஹவுஸ்' என்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டி, இல்லை ரீச்சர், தி ஹவுஸ் என்றார். இரண்டு மூன்று முறை திருத்தியும் அவர் அசையவில்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவி அவர் கையைக் கிள்ளினார். ஒருவரும் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் எந்த வீடு என்று தெரிந்துவிட்டது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

சில வாரம் கழித்து அவர்கள் இருவரும் வரவில்லை. அக்காவிடம் கேட்டேன். லண்டனுக்குப் போய்விட்டார்களாம். அந்த 'தி ஹவுஸ்' அங்கேதான் இருந்ததாம்.

அப்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலம் அது, ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்துவிட்டால் லண்டனுக்குப் போய்க் குடியேறலாம். அங்கே பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கும், தெருவுக்குத் தெரு சொந்தக்காரர்கள், கோயில், மீன்கடை. இங்கே இருப்பவர்கள் எல்லாரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு குடும்பம் முன்கூட்டியே சொல்லி, விருந்தும் வைத்து, பிறகு பார்த்துவைத்த வீடு கைநழுவி, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றதாம். ஊர்க் கண் பட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

"பயணத்தைச் சொன்னா தடங்கல் வரும் தங்கச்சி. சாமானைக் கொண்டுபோய் இறக்கிப் போட்டுத்தான் சொல்ல வேணும்."

சரிதான். பொழுதுபோகத்தான் என்று வந்த கூட்டம் முழுவதும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த கூட்டம். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக, ஒருவருக்கொருவர் 'சும்மாதான்' சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்னை வைத்துக்கொண்டு எல்லாரும் வழிச்சாப்பாடு கட்டியிருக்கிறார்களே என்று எனக்கு எரிந்தது. அடுத்த வகுப்பில் வேண்டுமென்றே தி ஏர்போர்ட், தி சூட்கேஸ் என்று உதாரணம் கொடுத்தேன். ஒருவரும் கண்ணிமைக்கவில்லை. கெட்டிக்காரர்கள்.

அதன்பிறகு எனக்கு அடையாளங்கள் தெரிய ஆரம்பித்தன. ஒருவருக்கு அடுத்தடுத்து டெர்மின் வரும், அப்பாயின்ட்மென்டுக்கு ஜெர்மனில் அதுதான் பெயர். பல்லுக்கு டெர்மின், அலுவலகத்தில் டெர்மின் என்று வகுப்புக்கு வரமாட்டார். அப்புறம் குளிர்காலத்துக்குப் பிள்ளைகளுக்குப் புதுச் சப்பாத்து வாங்கமாட்டார்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை நாற்காலி காலியாக இருக்கும். படிக்கட்டில் செருப்புக் குவியல் சிறுத்துக்கொண்டே வந்தது. கீழ்வீட்டு மூதாட்டி ஒருநாள் என்னை நிறுத்தி, உங்கள் விருந்தாளிகளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

ஒவ்வொரு நாற்காலி காலியாகும்போதும் என் கண் அக்காவின் நாற்காலிக்குத்தான் போகும். அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே மனுஷி அவர். கணவரிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொல்வேன். குழந்தை இல்லையா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நானாகச் சொல்லி அழுத அன்றைக்கு, ஆறுதல் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். அவர் போய்விட்டால் நான் மறுபடி ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடக்க வேண்டியதுதான். அதைவிடவும் எனக்குத் தாங்காதது இன்னொன்று. எல்லாரையும்போல என்னிடமும் சொல்லாமல் போய்விடுவாரோ?

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தூக்குவாளி ஓடிக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து நான் கொண்டுபோன எவர்சில்வர் தூக்குவாளி. அக்கா அதை வெறுமனே வாளி என்பார். வாளி என்றால் எங்கள் ஊரில் குளிக்கிற வாளி என்று நான் கிண்டல் செய்வேன். முதலில் அதில் சாம்பார் கொடுத்தனுப்பினேன். அது இடியப்பத்தோடு திரும்பி வந்தது. இடியப்பம் வந்த வாளியைக் கழுவி வைத்துவிட முடியுமா? தக்காளித் தொக்கு போட்டுக் கொடுத்தேன். அது பயத்தம் பணியாரமாக வந்தது. ஒரு வாரம் அவர் வீடு, ஒரு வாரம் என் வீடு என்று அது டிராம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒருமுறை கணவரின் அலுவலக நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள் என்று அவசரமாக அவர் வீட்டுக்கு ஓடினேன். ஒன்றும் வேண்டாம், வாளியை மட்டும் கொடுங்கள் என்றேன். அக்கா கேட்கவில்லை. சமையலறையைக் குடைந்தார். அன்றைக்கு என்று பார்த்து ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு பிடி சீனியைப் போட்டு மூடிக் கையில் கொடுத்தார்.

"வெறுமையாக் குடுக்க ஏலாது. குடுத்தா அதோட முடிஞ்ச மாதிரி."

எங்கள் அம்மாவும் அப்படித்தான், பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை ஒருநாளும் காலியாகத் திருப்பமாட்டார். ஆனால் ஏன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. டிராமில் அந்தச் சீனி சரசரவென்று புரண்டுகொண்டு வந்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இலை உதிர ஆரம்பித்தபோது வகுப்பில் அக்காவும் ஒரு கணவன் மனைவியும்தான் மிச்சம். அந்தத் தம்பதியும் போனார்கள். பிறகு அக்கா மட்டும். நான் ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அரிசியைக் கவனித்தேன். எப்போதும் மூலையில் பெரிய அரிசி மூட்டை சாய்ந்திருக்கும், பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். அன்றைக்கு அது இல்லை. மேசைமேல் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சின்ன அரிசிப் பொட்டலம் ஒன்று இருந்தது. ஜெர்மன்காரர்கள் பால்சோறு செய்ய வாங்குகிற பொட்டலம். யாழ்ப்பாணத்து வீட்டில் அந்தப் பொட்டலமா! நான் சுற்றி வளைக்கிற ஆளில்லை.

"அக்கா, நீங்களும் போறீங்களா?"

அவர் கழுவிய கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போவது என்று கோப்பையைப் பார்த்துச் சொன்னார். கடையில் நல்ல அரிசி வரவில்லையாம்.

"போனா போங்க. ஆனா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். மத்தவங்க மாதிரி செஞ்சீங்கன்னா நான் மன்னிக்கவே மாட்டேன்."

நான் இதைக் கோபமாகச் சொன்னேன், ஆனால் பாதியிலே குரல் உடைந்துவிட்டது. அக்கா துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வகுப்புக்கு வந்தார். படிக்கட்டில் ஒரே ஒரு ஜோடிச் சப்பாத்து. அன்றைக்குப் பாடம், 'தி'யும் இல்லாமல் 'அ'வும் இல்லாமல் ஒன்றுமே போடாத இடங்கள். ஜன்னல் வழியாக எதிர்ப் பள்ளியைக் காட்டினேன். பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள், அவர்களுக்கு வெறும் ஸ்கூல் போதும். நீங்கள் கூட்டிக்கொண்டுபோகப் போய் வாசலில் நிற்கிறீர்கள், உங்களுக்கு அது தி ஸ்கூல். நோயாளி படுத்திருந்தால் இன் ஹாஸ்பிட்டல், நீங்கள் அங்கே துடைக்கப் போனால் இன் தி ஹாஸ்பிட்டல். இங்கிலாந்துக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அக்கா சிரித்தார். இத்தனை வருஷம் அங்கேயே கிடந்து நிலம் துடைத்திருக்கிறேன், எனக்குத்தான் 'தி' என்று சொல்கிறீர்கள் என்றார். பிறகு ஊர்ப் பெயர்களுக்கு வந்தோம். ஜெர்மனிக்கு ஒன்றும் வேண்டாம், ஸ்டுட்கார்ட்டுக்கும் வேண்டாம் என்றேன்.

"லண்டனுக்கு?"

"அதுக்கும் வேண்டாம். ஏன் கேக்குறீங்க?"

"சும்மா கேட்டனான்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். எதிராளியின் முகத்தைப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான்தானே. அவர் எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிள்ளைகள் வெளியே வரும் மணி அடித்துவிட்டது. எழுந்து பனிக்கோட்டைப் போட்டார். அப்போதுதான் கவனித்தேன், அந்த வாரம் தூக்குவாளி என் வீட்டுக்கு வர வேண்டிய வாரம். கையில் இல்லை. வாளி எங்கே அக்கா என்றேன்.

"வீட்ட கிடக்கட்டும் தங்கச்சி. பிறகு தாறன்."

எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. திங்கட்கிழமை புளியோதரை கிளறலாம் என்று இருந்தேன், எதில் போட்டு அனுப்புவது என்று எரிச்சல்தான் வந்தது. மறந்து வந்துவிட்டுச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கதவருகே சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். என் கன்னத்தில் கையை வைத்து எடுத்தார். கை ஜில்லென்று இருந்தது.

"போட்டு வாறன்" என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் கடைக்குப் போனாலும் அப்படித்தான் சொல்வார்கள், நாம் போயிட்டு வரேன் சொல்வதைப்போல. நானும் சரிக்கா என்று கதவைச் சாத்திவிட்டு ஜன்னலுக்குப் போனேன். தெருவைக் கடந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு டிராம் நிறுத்தத்துக்குப் போனார். ஒருமுறை நிமிர்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நான் கையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை படிக்கட்டில் ஒரு சப்பாத்தும் இல்லை. மணி பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், மறுபடி மணி பார்த்தேன். போன் செய்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஜெர்மனில் ஒரு குரல் சொன்னது. கோட்டைக்கூடச் சரியாகப் போடாமல் டிராம் பிடித்து ஓடினேன். அவர்கள் கட்டடத்து வாசலில் அழைப்புமணிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டாரின் பெயரும் ஒட்டியிருக்கும். அக்கா வீட்டு மணியின் பக்கத்தில் பெயரை உரித்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அப்படியும் மணியை அடித்தேன். விடாமல் அடித்தேன். கீழ்த்தளத்து ஜன்னலைத் திறந்து ஒருவர், அவர்கள் இந்த வாரம் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பாத்திரங்களைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றினேன். கணவரிடம் கத்தினேன். அக்கா போகிறபோது சோபாவை ஒருத்திக்குக் கொடுத்திருக்கிறார், சோறு பொங்கும் குக்கரை இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறார், மாவு இடிக்கிற உலக்கையைக்கூட யாருக்கோ கொடுத்திருக்கிறாராம், தமிழ்க் கடையில் சொன்னார்கள். எனக்கு ஒரு சொல்கூடத் தரவில்லை. போதாக்குறைக்கு என் தூக்குவாளியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவங்க எல்லாருக்கும் இதுதானே வழக்கம், உனக்கு மட்டும் ஸ்பெஷலா சொல்லணுமா என்றார்.

"ஆமா, சொல்லணும். எனக்கு மட்டும் ஸ்பெஷலாத்தான் சொல்லணும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அன்றைக்குத் தேநீர் அவர்தான் போட்டார்.

குளிர்காலம் முழுக்க நான் நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குள் நடந்தேன், வெளியே நடந்தேன், டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினேன். போகிற வழியெல்லாம் அக்காவைத் திட்டுவதற்கு வாக்கியம் அமைத்துக்கொண்டே போவேன். நன்றியில்லாதவர், கல்மனசுக்காரி, பயந்தாங்கொள்ளி. என் கண்ணா பட்டுவிடப்போகிறது, என்ன கண்ணூறு எனக்கு? நானே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பவள். சனிக்கிழமைகளில் பள்ளி மணி அடிக்கும், தமிழ்ப் பிள்ளைகள் இறங்கி ஓடும், வாசலில் நிற்கிற பெற்றோரில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. கீழ்வீட்டு மூதாட்டி துடைத்த படிக்கட்டு பளபளவென்று இருந்தது. அந்தப் பலகார வாசனை இப்போது வருவதே இல்லையே, அந்தப் பெண்கள் இனி வரமாட்டார்களா என்று அவரே ஒருநாள் கேட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது.

மரங்களில் மறுபடி துளிர் வந்த சமயம், ஒரு மத்தியானம், போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்.

"நான்தான், தங்கச்சி."

அவர் அவசர அவசரமாகப் பேசினார். மழையாம், வீடு சின்னதாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டதாம். அவருக்கும் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில்தான் வேலையாம். தி ஹொஸ்பிட்டல், சரிதானே ரீச்சர், நான் வேலைக்குத்தானே போகிறேன் என்று சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"ஏன் சொல்லல?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்கு அங்கயிருந்து வெளிக்கிட விருப்பமே இல்லை. இவர்தான் பிள்ளையளின்ர படிப்பு எண்டு நிண்டார். உங்களிட்டச் சொன்னா ஏன் எண்டு கேப்பீங்கள். நீங்கள் கேட்டிருந்தா நான் போயிருக்க மாட்டன், தங்கச்சி."

கண்ணூறு கிண்ணூறு என்று நான் குளிர்காலம் பூராவும் திட்டித் தீர்த்தது எல்லாம் பொய்யாய்ப் போயிற்று. என் தூக்குவாளி எங்கே என்று கேட்டேன். சண்டைக்காரிபோலத்தான் கேட்டேன்.

"கிடக்கு. என்ர குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில, கண்ணுக்கு முன்னாலதான் கிடக்கு. அரிசிமா வறுத்துப் போட்டு வைச்சிருக்கிறன். முடிய முடியப் போடுறன். ஒருநாளும் வெறுமையா விடேல்லை."

மாதக்கணக்காக நான் சேர்த்துவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கட்டிலுக்குக் கீழே பெட்டிகள் தெரிந்தன. ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூட வாசல் காலியாகக் கிடந்தது. அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு முதல்முறையாக நான் ஓரிடத்தில் உட்கார்ந்தேன்.

"எப்ப வர்றீங்கக்கா?" என்று கேட்டேன்.